மழைக் கணக்கு நோட்டு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மேல்பழனி மலையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிடும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். சென்ற மாதம் காலநிலை மாற்றம் பற்றி ஓவியப் போட்டி வைத்தோம். வந்த படங்களில் பாதிக்கு மேல், உருகும் பனிப்பாறைமேல் நிற்கும் துருவக் கரடிதான். பிறகு வகுப்பில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினேன். வெள்ளம், காட்டுத்தீ, புயல். முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "இதில் நாங்கள் என்ன தவறு செய்தோம், டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பயமுறுத்தாமல் இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பாடத்திட்டத்தைத் தாண்டி இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டுமா?

ஓர் ஆசிரியை,
கொடைக்கானல் வட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பெண்ணுக்கு முதலில் பதில் சொல்லிவிடுங்கள். நாளைக்கே. "நீ ஒரு தவறும் செய்யவில்லை" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஓர் அமெரிக்கரின் பங்காக ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு காற்றில் சேர்கிறது. இந்தியரின் பங்கு சுமார் 2 டன். அந்த இரண்டு டன்னும் நகரத்து ஏ.சி. அறைகளையும் கார்களையும் சேர்த்துப் போட்ட சராசரி. பூண்டு நடும் வீட்டின் பங்கு அதிலும் எவ்வளவு சிறியது என்பதை அவளே யோசித்துக்கொள்வாள். விளக்கை அணை, குழாயை மூடு என்பவை நல்ல பழக்கங்கள்தான். ஆனால் பூமி சூடேறிய பழியை மலைக்கிராமத்துக் குழந்தையின் தலையில் ஏற்றுவது அநியாயம். இந்தப் பாடத்தில் எனக்குப் பெரும் கோபம் அதன்மேல்தான்.

சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். பாடத்திட்டத்தைப் பற்றித் தயங்காதீர்கள். சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கும்படி உச்ச நீதிமன்றம் 1991லேயே சொல்லிவிட்டது.

பயத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். என் அப்பா தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கெழுதினார். அலுவலகத்துக்கு முன்னால் திறந்த வெளியில் ஒரு மழைமானி இருந்தது. தினமும் காலையில் அதிலிருக்கும் நீரை அளவுக் குழாயில் ஊற்றிப் பார்த்து நோட்டில் எழுதுவார். இஞ்சும் சென்டும்தான் தோட்டத்து அளவு. நூறு சென்ட் ஓர் இஞ்ச். "நேற்று நாற்பது சென்ட்" என்பார். மழையில்லாத நாளுக்கு ஒரு கோடு இழுப்பார், கட்டத்தைக் காலியாக விடமாட்டார். மாசியிலோ பங்குனியிலோ நல்ல மழை ஒன்று விழுந்தால்தான் காபி பூக்கும். அது தள்ளிப்போன வருடங்களில் துரை முதல் பழம் பறிக்கும் பெண்கள் வரை அப்பாவிடம் வந்து நிற்பார்கள். போன வருடம் என்றைக்குப் பெய்தது, அதற்கு முந்தின வருடம் என்றைக்கு என்று கேட்பார்கள். கவலை எல்லோருக்கும் இருந்தது. ஆனால் சும்மா வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், கையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு கவலைப்பட்டார்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கு அந்த நோட்டைக் கொடுங்கள். நேரான பக்கமும் தட்டையான அடியும் உள்ள ஒரு டப்பா போதும். அதில் தேங்கிய நீரின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் அதுதான் மழையளவு. டப்பா அகலமாக இருந்தாலும் குறுகலாக இருந்தாலும் அளவு ஒன்றே. ஏன் என்று கேளுங்கள், ஒரு பாடவேளை அதிலேயே நன்றாகப் போகும். மரத்தடியிலும் கூரையோரத்திலும் வைக்க வேண்டாம். வானிலை மையம் காலை 8.30க்கு அளக்கிறது, நீங்களும் அதே நேரத்தில் அளக்கலாம். கூடவே முதல் உறைபனி விழுந்த நாள், பூண்டு நட்ட நாள், எடுத்த நாள், ஊற்று வற்றிய நாள். 2018இல் பூத்த குறிஞ்சி மறுபடி 2030இல் பூக்க வேண்டும். முதல் பூவைக் கண்ட நாளும் அதில் ஏறட்டும்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். இது மனதில் பதிந்த பிறகு நீலகிரியின் அவலாஞ்சிக்குப் போங்கள். 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. சென்னைக்கு ஓராண்டு முழுவதும் பெய்வதே ஏறத்தாழ 140 சென்டிமீட்டர்தான். நூறு சதுர மீட்டர் கூரையின்மேல் அன்று எத்தனை லிட்டர் விழுந்திருக்கும்? 82,000 என்ற விடையைப் பிள்ளைகளே பெருக்கிக் கண்டுபிடிக்கட்டும். அடுத்த ஓவியப் போட்டியில் துருவக் கரடிகள் குறைந்துவிடும்.

ஆனால் அந்த மழையைக் காட்டி "இதுதான் காலநிலை மாற்றம்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது ஏறத்தாழ 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால் கொட்டும் மழை இன்னும் பலமாகக் கொட்டும். இது இயற்பியல், தயங்காமல் சொல்லலாம். மண் சரிவது வேறு கணக்கு. 2009 நவம்பரில் நீலகிரியில் சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மலையைச் செங்குத்தாக வெட்டுவதும் ஓடையை மறித்துக் கட்டுவதும் மழையோடு சேரும்போதுதான் வீடுகள் புதைகின்றன. சோலையும் புல்வெளியும் இருந்த இடத்தில் யூகலிப்டஸ், வேட்டில், பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டது இன்னொரு கதை. எல்லாவற்றையும் காலநிலை என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டால், ஓடையை மறித்தவர் தப்பித்துவிடுவார். ஒரு சேதத்தில் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கப் பழகிய பிள்ளையை யாரும் எளிதில் ஏமாற்றவும் முடியாது, பயமுறுத்தவும் முடியாது.

காலநிலை என்பது முப்பது ஆண்டுச் சராசரி. அந்தப் பெண்ணோ அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பை முடித்துப் போய்விடுவாள். ஆகவே நோட்டு பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும். போகும்போது ஆறாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் மலையிலேயே இதற்கு முன்னோடி இருக்கிறது. 1876-78இன் தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு மழை ஏன் பொய்க்கிறது என்று தேடியவர்கள், சூரியன்மேல் தோன்றி மறையும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எண்ணினார்கள். 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைய அதுவும் ஒரு காரணம். அவர்கள் நம்பிய அளவுக்கு அந்தத் தொடர்பு மழையைக் கணிக்க உதவவில்லை. ஆனால் 1904 முதல் நாள்தோறும் எடுத்துவந்த சூரியப் படங்கள் இன்று உலகெங்கும் ஆய்வுக்குப் பயன்படுகின்றன. பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள். ஹவாயில் மவுனா லோவா என்ற மலையில் 1958 முதல் இப்படித்தான் கரியமில வாயுவை அளந்து வருகிறார்கள் என்பதையும் அங்கே நின்று சொல்லுங்கள். அப்போது பத்து லட்சத்தில் 315 பங்கு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

தோட்டம் கைமாறியபோது எரிக்கப் போட்டிருந்த பழைய நோட்டுகளில் மூன்றை அப்பா வீட்டுக்கு எடுத்துவந்தார். 1974 முதல் 1979 வரை. தாண்டிக்குடி மழையை உங்கள் ஊர் மழையோடு ஒப்பிட முடியாது, ஆனால் எப்படி எழுதுவது என்று பிள்ளைகள் பார்க்கலாம். பிரதி எடுத்து இந்த வாரமே அனுப்புகிறேன். ஓர் இஞ்ச் 25.4 மில்லிமீட்டர். மாற்றி எழுதும் வேலையை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள்.