சீனாவில் ஓட்டு உண்டா?

கேள்வி: நான் பல்லடத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். சீனாவில் ஜனங்க ஓட்டுப் போடறாங்களா? ஷி ஜின்பிங் மூணாவது தடவையும் எப்படிங்க அதிபரானார்?

பதில்: போடுகிறார்கள், ஆனால் கீழ்மட்டத்தோடு சரி. உங்கள் ஊரில் வார்டு மெம்பருக்கும் ஒன்றியக் கவுன்சிலருக்கும் மட்டும் நீங்கள் ஓட்டுப் போட்டு, அவர்கள் கூடி மேலே ஒருவரை அனுப்பி, அவர்கள் அதற்கும் மேலே அனுப்பினால் எப்படியிருக்கும், ஏறக்குறைய அப்படித்தான். கவுண்டி (உங்கள் ஊர் ஒன்றியம் போன்ற நிர்வாகப் பிரிவு) மட்டம் வரைதான் நேரடித் தேர்தல். உச்சியில் இருக்கும் தேசிய மக்கள் காங்கிரஸில், அதாவது சீன நாடாளுமன்றத்தில், சுமார் 3,000 பேர். வருஷத்தில் ஒருமுறை, பெரும்பாலும் மார்ச்சில், கூடுகிறார்கள். வேட்பாளர் யார் என்பதில் கம்யூனிஸ்ட் கட்சியின் கை இல்லாமல் எதுவும் நடக்காது. எனக்கு இதுதான் உறுத்துகிறது.

அதிபர் பதவிக்குத் தொடர்ந்து இரண்டு தவணைதான் என்று 1982 அரசியலமைப்பு சொன்னது. அதிபரைத் தேர்ந்தெடுப்பதும் அரசியலமைப்பைத் திருத்துவதும் அந்த மக்கள் காங்கிரஸ்தான். 2018இல் அங்கே அந்த வரம்பை நீக்கினார்கள். எதிர்த்து விழுந்தது 2 ஓட்டு. 2023இல் ஷி மூன்றாம் முறை வந்தபோது எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. அப்புறம், அதிகாரம் உண்மையில் இருப்பது கட்சியின் பொதுச்செயலாளர் நாற்காலியில், அதற்குத் தவணை வரம்பு அப்போதும் கிடையாது. ஷி 2012 முதல் அதில் இருக்கிறார்.