மீண்டு வந்த பெண்ணிடம் எதைக் கேட்கலாம்?

கேள்வி: வீட்டு வேலை என்று சொல்லி ஏஜென்ட் ஒருவர் வெளிமாநிலத்துக்கு அழைத்துப்போன என் அக்கா மகளை (வயது 20) ஒன்றரை வருடம் கழித்து மீட்டு வந்திருக்கிறோம். பூட்டிவைத்து, சம்பளமே தராமல் வேலை வாங்கியிருக்கிறார்கள். இப்போது இரவில் அவள் விளக்கை அணைக்க விடுவதில்லை. நடந்ததைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறாள். என்ன செய்வது?

பதில்: முதலில், கேட்பதை நிறுத்துங்கள். பயத்தில் பதிந்த நினைவு வரிசையாக வராது. துண்டு துண்டாகத்தான் வரும். அது பொய் அல்ல. ‘ஏன் தப்பித்து வரவில்லை?’ என்று மட்டும் ஒருவரும் கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி பழியை அவள் தலையில் போடுகிறது.

விளக்கு எரியட்டும். கதவைத் திறந்து வைப்பதா, சாத்துவதா என்பதை அவளே சொல்லட்டும். ‘சாப்பிடு’ என்று தட்டை நீட்டுவதைவிட ‘இட்லியா, கஞ்சியா?’ என்று கேளுங்கள். ஒன்றரை வருடமாக அவள் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் செல்போனை வாங்கி வைப்பது, வெளியே விடாமல் இருப்பது, அவசரமாக ஒருவன் கையில் பிடித்துக் கொடுப்பது எல்லாம் அந்த வீட்டின் பூட்டையே அவளுக்கு நினைவூட்டும். நல்லெண்ணத்தோடு பல குடும்பங்கள் இந்தத் தவறைத்தான் செய்கின்றன.

தூக்கமின்மைக்கு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரைப் பாருங்கள். அவள் வரத் தயங்கினால், அரசின் மனநல உதவி எண்ணான 14416-இல் (டெலிமானஸ்) தமிழிலேயே பேசலாம். ஆலோசனை, தங்குமிடம், சட்ட உதவி மூன்றும் தேவையென்றால் 181 என்ற பெண்கள் உதவி எண் மூலம் ஒருங்கிணைந்த சேவை மையத்தை அணுகுங்கள். எங்கே போகிறோம், அங்கே யார் இருப்பார்கள் என்பதை முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

சாட்சி சொல்ல அவளைக் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லக் கூடாது. பெண்ணை அவள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். கடத்தலுக்கு ஆளானவருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு, சட்ட உதவி எண்ணான 15100-ஐ அழையுங்கள். அவள் நிலை கொத்தடிமை முறைக்குள் வருகிறதா என்று அந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள். வருமானால், கொத்தடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்று அரசு தரும் விடுவிப்புச் சான்றிதழ் முக்கியம். அப்படி மீட்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை வழங்க மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. வழக்கு முடியும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் பணம் அவள் பெயரிலுள்ள கணக்குக்கே வரட்டும். பாஸ்புக்கும் அவளிடமே இருக்கட்டும்.