95ஆம் சங்கீதம் யூத, கிறிஸ்தவ வழிபாடுகளில் எங்கே வருகிறது?

இரண்டு மரபிலும் அதற்குத் தொடக்கத்தில்தான் இடம். “வாருங்கள், ஆண்டவரைப் பாடுவோம்” என்று கூப்பிட்டே ஆரம்பிக்கிற பாட்டு அது.

யூதர்கள் வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாளை வரவேற்கும்போது பாடுகிறார்கள். 95 முதல் 99 வரை, அப்புறம் 29. ஆறு வேலைநாளுக்கு ஆறு சங்கீதம் என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். பழங்காலத்து வழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் நகர ஞானிகளிடமிருந்து பரவியது.

கிறிஸ்தவத் துறவு மடங்களில் இது அன்றாட ஜெபத்தின் முதல் அழைப்பு. 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குவிதியில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு: இரவு ஜெபத்தில் இந்தச் சங்கீதத்தை நன்றாக இழுத்து, மெதுவாகப் பாடச் சொல்கிறார். தூக்கம் கலைந்து ஓடிவருகிற துறவி அது முடிவதற்குள் வந்து சேரட்டும் என்றுதான்! அதன் பிறகும் வராதவருக்குத் தன் வழக்கமான இடம் கிடையாது. எல்லோர் கண்ணிலும் படும்படி கடைசியில் நிற்க வேண்டும்.

ஆங்கிலிக்கன் காலை ஆராதனையிலும் இது உண்டு. பழைய லத்தீன் நூல்களில் தேடினால் 94 என்று இருக்கும். குழம்ப வேண்டாம், அந்த நூல்கள் பின்பற்றிய கிரேக்க மொழிபெயர்ப்பு 9, 10ஆம் சங்கீதங்களை ஒன்றாகச் சேர்த்ததால் வந்த வித்தியாசம்.