நாசி கண்டார் மேல் பழி போடாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிரசவ வார்டு விஷயம்தான். பிள்ளைக்கு எப்போது மொட்டை போடலாம், பல் முளைக்கும்போது பேதி ஆகுமா என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மிஸ்ஸி (நர்ஸ்) அக்கா, நாங்கள் ஆயர் ஈத்தாமில் இருக்கிறோம். எனக்கு பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை. மனைவிக்கு 31 வாரம், தலைப்பிரசவம். இரண்டு நாளாகத் தலைவலி என்றாள், முகம் வீங்கியிருந்தது, மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. வாயும் வயிறுமாக இருந்தால் வீங்கத்தான் செய்யும் என்று என் அம்மா சொன்னார். நானும் இரண்டு பனடோல் கொடுத்துவிட்டு நைட் ஷிப்டுக்குப் போய்விட்டேன். காலையில் கிளினிக்கில் பிரஷர் 176/112. அங்கிருந்தே ஆம்புலன்ஸ், மறுநாள் இரவு ஆபரேஷன். மகன் 1.4 கிலோ, இன்குபேட்டரில் இருக்கிறான். மனைவி தேறிவருகிறாள். மாமியார், 'வாராவாரம் நாசி கண்டார் சோறு வாங்கிக் கொடுத்தே என் மகளைப் படுக்க வைத்துவிட்டீர்கள்' என்கிறார். அதிலிருந்து என் அம்மா அவரோடு பேசுவதில்லை. என்னுடைய ஏழு நாள் லீவும் முடிந்துவிட்டது. யார் மேல்தான் தப்பு அக்கா? (பெயர் வேண்டாம், பினாங்கு)

பதில்: தம்பி, முதலில் நாசி கண்டாரை விடுதலை செய்துவிடுவோம். நாலு வகைக் குழம்பை ஒன்றாக ஊற்றி வாரம் தவறாமல் சாப்பிட்டால் வேறு வியாதி வரும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் மனைவிக்கு வந்தது அதனால் வந்ததில்லை. பிரீ-எக்லாம்ப்சியா என்று டாக்டர் சொல்லியிருப்பார். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையில் வேர் பிடிக்கிற ஆரம்ப மாதங்களில் அங்கே இருக்கிற ரத்தக்குழாய்கள் நன்றாக விரிந்து கொடுக்க வேண்டும், சிலருக்கு அவை சரியாக விரிவதில்லை. ரத்தம் போதாமல் திணறும் நஞ்சுக்கொடியிலிருந்து கசிகிற பொருட்கள் தாயின் உடம்பு முழுக்க ரத்தக்குழாய்களைப் பாதிக்கின்றன, அதனால்தான் பிரஷர் ஏறுவதும், சிறுநீரில் புரதம் போவதும், தலைவலியும், கண் முன்னால் பூச்சி பறப்பதும், நெஞ்சுக்குழிக்குக் கீழே வலிப்பதும். ஆக, உங்கள் மனைவிக்கு இது தொடங்கியதே பல மாதம் முன்னால், அப்போது உங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்க வழியே இல்லை. தலைப்பிரசவம், இரட்டைக் குழந்தை, ஏற்கனவே பிரஷரோ சர்க்கரையோ இருப்பது, அம்மாவுக்கோ அக்காவுக்கோ முன்பு வந்திருப்பது, இப்படிப்பட்டவர்களுக்கு வர வாய்ப்பு அதிகம். (அந்தக் கடைசி விஷயத்தை மாமியாரிடம் பதிலடியாகச் சொல்லிவிடாதீர்கள், வீடு இரண்டாகிவிடும்.)

அப்புறம் பனடோல். கொடுத்தது தப்பில்லை, அதற்குப் பிறகும் தலைவலி விடவில்லையே, அங்கேதான் உஷாராகியிருக்க வேண்டும். கால் வீக்கம் முக்கால்வாசிப் பேருக்கு வரும். முகமும் கைவிரலும் திடீரென்று உப்பினால், கூடவே தலையும் வலித்தால், ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் கிளினிக்கில் கொடுத்த பிங்க் நிறக் கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். 20 வாரத்துக்கு மேல் 140/90 என்றாலே கவனிப்பார்கள், 160/110 என்றால் அது அவசரம்.

இவ்வளவு பேசுகிற நானே கோட்டை விட்டவள்தான். பயிற்சி முடித்து மூன்றாவது வருஷம், என் அண்ணி எட்டு மாதம், நெற்றி நிறையக் கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். 'தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் அண்ணி' என்று சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். அன்றைக்கு வார்டில் வரிசையாக எத்தனையோ பேருக்குப் பிரஷர் பார்த்துவிட்டு வந்தவள், வீட்டில் இருந்த ஒருத்திக்குப் பார்க்கவில்லை. விடியற்காலையில் வலிப்பு. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அண்ணி இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டியதில்லை, ஆனாலும் அந்தத் தைல வாசம் எங்கே வந்தாலும் எனக்கு வயிற்றைப் பிசையும். அதனால் உங்கள் அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் காலத்தில் வீங்கியவர்களில் பெரும்பாலோர் நன்றாகத்தான் பெற்று எழுந்தார்கள், அந்த நினைப்பில் சொல்லியிருப்பார்.

தப்பு யாருடையது என்ற விசாரணையில் நீங்கள் எல்லோரும் ஒருவரை மறந்துவிட்டீர்கள். உங்கள் மனைவி ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு நாள் எப்படி இருந்தார் என்று யாராவது கேட்டீர்களா? வலிப்பு வராமல் இருக்க மக்னீசியம் சல்ஃபேட் ஏற்றியிருப்பார்கள். அது உள்ளே போகும்போது உடம்பெல்லாம் அனலாகத் தகிக்கும், நாக்கு வறண்டுவிடும். மருந்து அளவு மீறினால் முதலில் நிற்பது முழங்கால் உதறல்தான், அதனால் மிஸ்ஸி அடிக்கடி வந்து சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டிப் பார்ப்பார். பிரசவத்துக்கு அப்புறமும் ஒரு நாள் அது ஓடும். பெற்ற பிள்ளையை அவர் முதலில் உங்கள் கைப்பேசியில்தான் பார்த்திருப்பார். அதைப் பற்றி அவரைப் பேசவிடுங்கள், நீங்கள் சமாதானம் எதுவும் சொல்ல வேண்டாம்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். சப்பி, விழுங்கி, மூச்சுவிட்டு என்று மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறமை 34 வாரத்தை ஒட்டித்தான் வரும், அதுவரை மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ குழாயில்தான் பால். முதலில் ஒரு மில்லி, இரண்டு மில்லி என்று சிரிஞ்சில் கொடுப்பார்கள், பார்த்துவிட்டுப் பதறாதீர்கள். மனைவி வீடு திரும்பிவிட்டால் பாலைப் பீய்ச்சி, பெயரும் நேரமும் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து வார்டில் சேர்ப்பது இனி உங்கள் குடும்பத்து முக்கிய உத்தியோகம். அதை உங்கள் மாமியாரிடம் ஒப்படையுங்கள். சமையல் உங்கள் அம்மாவிடம். இரண்டு பேருக்கும் கை நிறைய வேலை இருந்தால் வாய்ச்சண்டைக்கு நேரம் இருக்காது, நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் அனுமதித்ததும் சட்டையைத் திறந்து பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், கங்காரு முறை என்பார்கள். கொலம்பியா நாட்டில் பொகோட்டாவில் 1970களின் கடைசியில் இன்குபேட்டர் போதாமல் இருந்தபோது தொடங்கியது. அப்பாவின் நெஞ்சும் சூடுதானே, கூச்சப்படாதீர்கள்.

லீவு: 2023 ஜனவரி 1 முதல் மலேசியச் சட்டப்படி அப்பாவுக்கு 7 நாள், அம்மாவுக்கு 98 நாள். பிள்ளை வார்டில் இருந்தாலும் அந்த 98 நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் இப்போது வேலைக்குப் போங்கள். மிச்சமிருக்கும் வருடாந்தர லீவைப் பிள்ளை வீட்டுக்கு வரும் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் உங்கள் தேவை அதிகம். மனைவிக்கு ஆறு வாரம் வரை பிரஷர் திரும்ப ஏறலாம், மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாது. அடுத்த பிள்ளை என்றால் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள், 12 முதல் 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார்கள். அடுத்த பிள்ளை வேண்டாம் என்றாலும் வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், பின்னாளில் பிரஷரும் இதய நோயும் வர வாய்ப்பு இவர்களுக்குக் கூடுதல்.

கேள்வி: மகளுக்கு 29 வாரம், இரண்டாவது பிள்ளை. திடீரென்று ரத்தம் பட்டது, வலி துளியும் இல்லை. நஞ்சுக்கொடி கீழே இறங்கி கர்ப்பப்பை வாசலை அடைத்திருக்கிறதாம், பிரசவம் வரை ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். ரத்தம் நின்று ஒரு வாரம் ஆகிறது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று அழுகிறாள். வளைகாப்புக்கு மண்டபத்தில் முன்பணம் கட்டிவிட்டோம். ரத்தம் தேவைப்படலாம் என்றார்களே, உறவுக்காரர்களைத் தயாராக வைத்திருக்கவா? (ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: அழட்டும் அம்மா, ஆனால் அங்கேயே இருக்கட்டும். வலி இல்லாததுதான் இதில் ஏமாற்று வேலை. கர்ப்பப்பையின் அடிப்பாகம் நாளாக நாளாக விரியும்போது அங்கே ஒட்டியிருக்கிற நஞ்சு கொஞ்சம் பெயர்ந்தாலும் ரத்தம் கொட்டும், முன்னறிவிப்பு கிடையாது. ஆஸ்பத்திரி பக்கத்தில்தானே என்பீர்கள், மாலை ஆறு மணிக்கு ஜாலான் ஈப்போவில் அந்தப் 'பக்கம்' எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். முழுக்க அடைத்திருந்தால் 36, 37 வாரத்தை ஒட்டி ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்கள். முதல் பிள்ளையும் ஆபரேஷன் என்றால் அதைக் கண்டிப்பாக நினைவுபடுத்துங்கள், பழைய தழும்பில் நஞ்சு ஆழமாக ஒட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

ரத்தத்துக்கு வரிசை கட்ட வேண்டாம், ரத்த வங்கியில் பொருத்தம் பார்த்து எடுத்து வைப்பார்கள். முக்கியமாக, மாப்பிள்ளை 'நான் தருகிறேன்' என்று கை நீட்டினால் தடுத்துவிடுங்கள். கணவரின் ரத்தத்தை மனைவிக்கு ஏற்றுவதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், அவள் உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருள் அடுத்த கர்ப்பத்தில் பிள்ளையைத் தாக்கலாம். மனசு கேட்கவில்லை என்றால் அவர் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கிற தேசிய ரத்த மையத்துக்குப் போய்ப் பொதுவாகக் கொடுக்கட்டும்.

மண்டபத்துக்காரரிடம் பேசி அந்தப் பணத்தைப் பெயர் சூட்டு விழாவுக்கு மாற்றப் பாருங்கள். வார்டு சிஸ்டரிடம் கேட்டு, ஒரு கைக்கு இரண்டு வளையல் போட்டுவிடுங்கள் போதும், டிரிப் ஏற்றும்போது எப்படியும் கழற்றச் சொல்வார்கள். பேரனிடம் 'அம்மா கடைக்குப் போயிருக்கிறாள்' என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்புறம் நீங்கள் கடைக்குப் போனாலே வாசலில் உருண்டு அழுவான்.

கேள்வி: கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுக்கலாமா? (வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: வேண்டவே வேண்டாம். இரும்புக்கும் வலிப்புக்கும் சம்பந்தம் இல்லை, பல்லுக்கு நடுவில் கரண்டி திணிப்பது அதைவிட மோசம். இடிக்கிற சாமான்களை நகர்த்திவிட்டு, இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள், வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், 999க்கு அடியுங்கள். எத்தனை மாதம், வலிப்பு எவ்வளவு நேரமாக இருக்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கேட்டைத் திறந்துவைத்து ஒருவர் ரோட்டில் நிற்கட்டும், அடுக்குமாடி என்றால் கீழே லிஃப்ட் பக்கத்தில்.

கேள்வி: நாத்தனாருக்குக் கரு குழாயில் தங்கி, வெடித்து, அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். பார்க்கப் போக வேண்டும். என்ன பேசுவது? என் ஆறு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாமா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: 'இரண்டு மாதம்தானே, சீக்கிரம் அடுத்தது வரும்' என்பதை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். வயிற்றுக்குள் ரத்தம் நிரம்பி, தோள்பட்டை வலிக்க, மயங்கி விழுந்து பிழைத்து வந்திருக்கிறார், உயிர் போகிற விஷயம் அது. ஒரு குழாயை எடுத்துவிட்டாலும் இன்னொன்று நன்றாக இருந்தால் கரு தங்கும், அதை டாக்டர் சொல்லிக்கொள்வார், நீங்கள் சொல்ல வேண்டாம். அடுத்த முறை நாள் தள்ளினால் சீக்கிரமே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்பதை மட்டும் பின்னொரு நாளில் சொல்லுங்கள். மிளகு ரசமும் ஒரு பொரியலும் எடுத்துப் போங்கள், கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள், வரும்போது அழுக்குத் துணி இருந்தால் கையோடு வாங்கி வந்து துவைத்துக் கொடுங்கள். குழந்தையைத் தூக்கிப் போவதா வேண்டாமா என்று என்னைக் கேட்பதைவிட, கிளம்புவதற்கு முன்னால் அவருக்கே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.