ஒரு டாக்டர், இரண்டு கம்ப்யூட்டர்: நோயாளி டேட்டாபேஸ் கேள்வி பதில்

காரைக்குடி, கண் மருத்துவர்: எக்செல்லில் பார்வை அளவு 6/9 என்று அடித்தால் தேதியாகிவிடுகிறது. பழைய பதிவுகளைச் சரிசெய்ய முடியுமா சார்?

எக்செல் அதை செப்டம்பர் 6 அல்லது ஜூன் 9 என்று எடுத்துக்கொள்கிறது. அப்புறம் டெக்ஸ்ட்டாக மாற்றினால் ஐந்து இலக்க எண்தான் மிஞ்சும். 6/12, 12/6 என்று குழம்ப இடமிருப்பதால் சீட்டைப் பார்த்துத் திருத்துவதே பத்திரம். இனி அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசையை (column) டெக்ஸ்ட் ஆக்கிவிடுங்கள்.

திரும்ப வருபவருக்குப் பக்கவாட்டில் புது நெடுவரிசை சேர்ப்பவராக இருந்தால், அதையும் விடுங்கள். நோயாளிக்கு ஒரு டேபிள் (பட்டியல்), வருகைக்கு ஒரு டேபிள். இரண்டையும் இணைப்பது நோயாளி எண். கண் அழுத்தம் வலது, இடது தனித்தனிக் கட்டம், எண் மட்டும்.

தேவகோட்டை, சர்க்கரை நோய் கிளினிக்: ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு, இரண்டு ஆளுக்கு ஒரே பதிவு. பெயரும் இனிஷியலும் பார்த்துத்தான் தேடுகிறோம்.

நம் பக்கத்தில் அது போதாதுங்க. முத்தையா மகன் சிதம்பரம், அவர் மகன் முத்தையா, அவர் மகன் மறுபடி சிதம்பரம். தாத்தாவுக்கும் பேரனுக்கும் பெயர், இனிஷியல், வீடு எல்லாம் ஒன்று. போன் நம்பரும் சிங்கப்பூரில் இருக்கும் மகனுடையதாக இருக்கும். அடையாளம், கம்ப்யூட்டர் தானாகத் தரும் எண்தான். அதைச் சீட்டில் அச்சடித்துக் கொடுங்கள். சீட்டில்லாமல் வந்தால் பெயர், போன், பிறந்த வருடம் மூன்றையும் பார்த்த பிறகே புதுப் பதிவு. வயதைப் பதியாதீர்கள், அடுத்த வருடமே தப்பாகிவிடும். பிறந்த தேதி தெரியாதவருக்கு வருடம் மட்டும், பக்கத்தில் ‘தோராயம்’ என்று ஒரு டிக். எல்லாருக்கும் ஜனவரி 1 போடுவது சோம்பேறித்தனம்.

திருப்பத்தூர், எலும்பு மருத்துவர்: ஆக்சஸ் (மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) ஃபைல் அடிக்கடி கெட்டுப்போகிறது. வைஃபையில் இரண்டு கம்ப்யூட்டர்.

காரணம் அந்த வைஃபைதான். எழுதும் நடுவில் இணைப்பு அறுந்தால் ஃபைல் சிதையும். லேன் கேபிள் போடுங்கள், டேட்டா உள்ள கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் வையுங்கள். டேபிள்கள் அந்த ஒரே கம்ப்யூட்டரில். ஃபார்ம்கள், அதாவது பதிவு செய்யும் திரைகள், உள்ள ஃபைல் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் தனிப் பிரதி. எக்ஸ்ரே படத்தை உள்ளே திணிக்காதீர்கள், ஆக்சஸின் வரம்பு 2 ஜிபி. படம் ஃபோல்டரில், டேபிளில் அதன் பாதை மட்டும்.

பள்ளத்தூர்: பேக்கப் பென்டிரைவில் போதுமா?

போதாது. பூட்டும் நேரத்தில் எல்லாரும் வெளியேறிய பிறகு, பாஸ்வேர்டு பூட்டுள்ள இரண்டு ஹார்டு டிஸ்க்கில் மாற்றி மாற்றி எடுங்கள். ஒன்று கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். மாதம் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பது பேக்கப் அல்ல.