பழகிய சூப்பர் மார்க்கெட்டில் திடீரென்று எல்லாவற்றையும் இடம் மாற்றிவிடுகிறார்களே, நம்மை அதிகம் வாங்க வைக்கத்தானா?

ஓரளவுக்கு ஆமாம். ஆனால் முழுக்க அதற்காக இல்லை. நான் நான்கு வருடம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்கும் வேலை பார்த்தவன். அந்த நான்கு வருடத்தில் இரண்டு முறை கடையையே மாற்றி அமைத்தோம். இரவு கடை மூடியதும் ராக்குகளைக் காலி செய்து, நகர்த்தி, விடிவதற்குள் மறுபடி அடுக்க வேண்டும். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

வாங்க வருபவரைக் கடை முழுக்க நடக்க வைக்கும் எண்ணம் பழையது. 1916இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' கடையைத் திறந்தார். அதுவரை சீட்டைக் கடைக்காரரிடம் கொடுத்தால் அவர் எடுத்துக் கட்டித் தருவார். சாண்டர்ஸ் கடையில் நாமே கூடையோடு உள்ளே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். வாசலில் ஒரு சுழல் தடுப்பு, உள்ளே ஒரே பாதை. எல்லா அலமாரிகளையும் கடந்தால்தான் பணம் கட்டும் இடம் வரும். இந்த அமைப்புக்கு 1917இல் காப்புரிமையும் வாங்கினார்.

இன்றைய கடைகளில் அப்படி ஒரே பாதை கிடையாது. நாமும் எல்லா வரிசைக்குள்ளும் போவதில்லை. 2005இல் அமெரிக்காவின் வார்ட்டன் வணிகக் கல்லூரி வெளியிட்ட ஓர் ஆய்வில், டிராலிகளில் ஆர்எஃப்ஐடி பட்டை (இருக்கும் இடத்தை ரேடியோ அலையால் தெரிவிக்கும் பட்டை) ஒட்டி அவை போகும் வழியைப் பார்த்தார்கள். பெரும்பாலோர் கடையின் ஓரத்தையொட்டியே நடக்கிறார்கள். தேவைப்பட்டால் மட்டும் ஒரு வரிசைக்குள் கொஞ்ச தூரம் போய்விட்டு வந்த வழியே திரும்புகிறார்கள். அதனால்தான் வரிசையின் முனைக்கு அவ்வளவு மதிப்பு. பல நாடுகளில் தங்கள் பொருளுக்கு நல்ல இடம் கிடைக்க நிறுவனங்கள் கடைகளுக்குப் பணம் கொடுக்கின்றன. முனையில் இருப்பதெல்லாம் விலை குறைந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல் கொழுப்போ சர்க்கரையோ உப்போ மிகுந்த பல உணவு வகைகளைப் பெரிய கடைகளின் வாசல், வரிசை முனை, பில் போடும் இடம் ஆகியவற்றில் வைக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. வைக்கும் இடத்துக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது.

பால் கடைசியில் இருப்பது நம்மை நடக்க வைக்கத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் வேலை பார்த்த கடையில் குளிர் அறை பின்பக்கம் இருந்தது. பால் லாரி அங்கேதான் வரும். குளிர் அறையிலிருந்து நேராக ஃபிரிட்ஜின் முதுகுப் பக்கமாகவே அடுக்குவோம். வாசல் பக்கம் வைத்தால் பாலைக் கடை முழுக்கத் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அதற்குள் சூடேறும். நம் நடையால் கடைக்கு லாபம் இருக்கிறது என்பதும் உண்மைதான். இரண்டு காரணமும் சேர்ந்தே இருக்கும்.

சரி, மொத்தமாக மாற்றுவது ஏன்? முதல் முறை எங்கள் கடையில் ஃபிரிட்ஜுகள் பழசாகிவிட்டன. புதியவை நீளமானவை. அவற்றுக்கு மின் இணைப்பும் தண்ணீர் வடியும் குழாயும் எங்கே அமைகிறதோ அங்கேதான் குளிர் பகுதி. அது நகர்ந்தால் மற்ற எல்லாமே நகர வேண்டியதுதான். இரண்டாவது முறை, நாமே பில் போட்டுக்கொள்ளும் இயந்திரங்களுக்கும் ஆன்லைன் ஆர்டர் கட்டுவதற்கும் இடம் தேவைப்பட்டது. இவை தவிர, தலைமை அலுவலகத்திலிருந்து பிளானோகிராம் என்று ஒரு தாள் வந்துகொண்டே இருக்கும். எந்தத் தட்டில் எந்தப் பொருள், எத்தனை பாக்கெட் முகம் தெரிய வேண்டும் என்று அதில் படமாக இருக்கும். புதுப் பொருள் ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று நகரும், அல்லது போய்விடும்.

தேடி அலைந்தால் அதிகம் வாங்குவார்கள் என்ற கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. ஓய்வாகச் சுற்றுபவர் எதையாவது பார்த்து எடுப்பார். உப்பு எங்கே என்று மூன்று வரிசை அலைந்தவர் எதையும் ரசித்துப் பார்ப்பதில்லை. மாற்றிய முதல் வாரம் பாதி நிரம்பிய டிராலியை அப்படியே விட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இன்றும் மனதில் நிற்பவர் ஒரு பெரியவர். பார்வை மிகவும் மங்கியவர். ராக்கின் விளிம்பைக் கையால் தொட்டபடி, திருப்பங்களை எண்ணிக்கொண்டு, யார் துணையும் இல்லாமல் வாங்கிப் போவார். வாரம் தவறாமல் வருவார். முதல் முறை கடையை மாற்றியபோது உப்பு என்று நினைத்துச் சர்க்கரையை எடுத்துப் போய்விட்டார். மறுநாள் வந்து, "தப்பு என்னுதுதான் தம்பி, மாத்தித் தருவீங்களா?" என்று கேட்டார். அது அவர் தப்பே இல்லை. அவர் வருடக்கணக்கில் கால்களால் மனப்பாடம் செய்து வைத்திருந்த கடையை ஒரே இரவில் கலைத்தது நாங்கள். ஒரு கடை அதன் அலமாரிகளில் மட்டும் இல்லை, வருகிறவர்களின் ஞாபகத்திலும் இருக்கிறது. மாற்றம் தேவையாக இருக்கலாம். ஆனால் அதைச் செய்யும்போது வாசலில் பெரிய எழுத்தில் வரைபடம் வையுங்கள், வழி சொல்லவென்றே ஓர் ஆளை ஒரு மாதமாவது நிறுத்துங்கள், முடிந்தால் பகுதி பகுதியாக மாற்றுங்கள். இதைக் கடை நடத்துபவர் யார் படித்தாலும் கெஞ்சியே கேட்கிறேன்.

வாங்குபவருக்கு நான் சொல்வது இது. மாற்றிய பிறகு முதல் தடவை கூட்டம் இல்லாத நேரத்தில் போங்கள். சீட்டை ஞாபகம் வந்த வரிசையில் எழுதாமல் பகுதி வாரியாக எழுதுங்கள், குளிர் சாமான் கடைசியில் வரட்டும். ஒரு பொருளை இரண்டு நிமிடத்துக்கு மேல் தேடாமல் அடுக்கிக்கொண்டிருப்பவரிடம் கேட்டுவிடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், அன்றைக்கு அதே கேள்விக்கு அவர் பலமுறை பதில் சொல்லியிருப்பார். அப்புறம், எந்தப் பகுதி எங்கே என்று காட்டும் தாள் ஊழியர்களிடம் இருக்க வாய்ப்புண்டு. கேட்டால் போட்டோ எடுக்க விடலாம். அந்தப் பெரியவருக்கு நான் அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, இரண்டு வாரம் கூடவே நடந்தேன். மூன்றாவது வாரம் தனியாகப் போய்வந்தார். இரண்டாவது முறை கடையை மாற்றியபோது, புதுத் தாள் கேட்டு முதல் நாள் காலையிலேயே வந்து நின்றார்.