சுவிசேஷம் சொல்பவர் ஏன் கீழ்ப்படிந்தும் வாழ வேண்டும்?

‘நற்செய்தி’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் மொழிபெயர்ப்புதான் சுவிசேஷம். இயேசு நம் பாவங்களுக்காக மரித்து உயிர்த்தெழுந்தார் என்ற செய்தியை அடுத்தவருக்கு அறிவிப்பதே சுவிசேஷ ஊழியம்.

சரி, சொன்னால் மட்டும் போதாதா? போதாது. தாம் கட்டளையிட்ட யாவையும் கைக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள் என்கிறார் இயேசு (மத்தேயு 28:20). தான் கைக்கொள்ளாததை ஒருவர் எப்படிக் கற்றுக்கொடுப்பார்? வழி கேட்டவருக்குக் கிழக்கே கைகாட்டிவிட்டு நாம் மேற்கே நடந்தால், அவர் நம் காலைத்தான் நம்புவார். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கிய கடனைத் தராமல் சுவிசேஷக் கைப்பிரதியை நீட்டினால், அவர் கண்ணுக்கு அந்தக் கடன்தான் தெரியும். இது எனக்கு மிகவும் வலிக்கிற காட்சி.

கீழ்ப்படிந்தால் இரட்சிப்பை, அதாவது பாவத்திலிருந்து மீட்பை, சம்பாதிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எபேசியர் 2:8-10 சொல்வதோ, இரட்சிப்பு தேவனுடைய ஈவு, நற்கிரியைகள் அதன்பின் வருபவை என்று.